மணிக்கட்டு வலித்தால்தான் கிட்டார் கைவருமா?

"மணிக்கட்டு கடுக்கும்வரை கம்பியை அழுத்திப் பழகினால்தான் கிட்டார் கைவரும், வேகமாக வாசித்தால் பிழைகள் தானே மறையும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி, நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்துப் பாடகர் குழு இளைஞர்களிடையே பரவி வருகிறது. இரண்டுமே தவறு, முதலாவது, வளரும் பிள்ளைகளின் கையையே கெடுக்கக்கூடியது.

தொடக்க வாரங்களில் இரும்புக் கம்பி பட்டு விரல்நுனி எரிவதும், பிறகு அங்கே தோல் தடிப்பதும் இயல்பு. ஆனால் மணிக்கட்டிலோ பெருவிரலின் அடியிலோ வலித்தால், கை அளவுக்கு மீறி வளைந்திருக்கலாம், அல்லது தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கலாம். உடனே வாசிப்பை நிறுத்த வேண்டும்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் கம்பி நன்றாகப் படிந்துவிட்டால் சுரம் தெளிவாகிவிடும். அதற்கு மேல் அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதிதான் ஏறும். இரு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் விரலை வைப்பவர், கம்பி கரகரப்பதைக் கேட்டு இன்னும் அழுத்துகிறார். அதே விரலை, ஒலிக்க வேண்டிய ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் (கிட்டாரின் தலைப்பக்கமாக), அதை ஒட்டி வைத்தால் குறைந்த அழுத்தமே போதும். கம்பியை மீட்டியபடியே அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கரகரப்பு நீங்கும் இடமே சரியான அளவு.

சில வேளை குறை கருவியிலும் இருக்கும். நம் கடலோர ஈரக்காற்றில் மரம் உப்பி, கம்பியின் உயரம் கூடுவதுண்டு. 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் நின்றால் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவது நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை, கை திரும்பத் திரும்பச் செய்வதையே பழகிக்கொள்கிறது. பிழையோடு விரைந்தால் பிழையே பதியும். ஒரு கார்டிலிருந்து (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இன்னொன்றுக்குத் தடுமாறும் மாற்றத்தை மட்டும் தனியே எடுத்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, பிழையின்றி வந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.