'ஜாஸ்' நடிகரின் இரும்புப் பல் நிஜமா?

ஜேம்ஸ் பாண்ட் வில்லன் 'ஜாஸ்' ஆக நடித்தவர் அறுவை சிகிச்சை செய்து இரும்புப் பல் பொருத்திக்கொண்டார், பிறவியிலேயே பேச்சு வராதவர் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அவர் பெயர் ரிச்சர்ட் கீல், அமெரிக்கர், 7 அடி 2 அங்குல உயரம். அந்த உயரத்துக்குக் காரணம் ஹார்மோன் கோளாறு. பல் வெறும் கழற்றி மாட்டும் உலோக செட். மாட்டினாலே குமட்டும் என்பதால் ஷாட் முடிந்ததும் கழற்றிவிடுவார். 1979-இல் வந்த 'மூன்ரேக்கர்' பாண்ட் படத்தில் அவர் கடித்து அறுத்த கேபிள் கார் வடம்? அதிமதுர மிட்டாய்!

சரி, பேச்சு? பேசாதது கதாபாத்திரம்தான். அதுவும் அதே 1979 படத்தின் முடிவில் ஷாம்பெயினோடு ஒரு வரி பேசிவிடும். கீலோ பேட்டிகளில் நன்றாகவே பேசியவர். 75-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, 2014 செப்டம்பரில் காலமானார்.