முட்டி வீக்கம் எல்லாம் முடக்குவாதம் அல்ல

நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் 'லைம் நோய் நாளடைவில் முடக்குவாதமாக மாறிவிடும்' என்று ஒரு வரி வருகிறது. இதைப் படித்துப் பலர் பயந்துபோவார்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள். லைம், உண்ணி கடித்து உடலில் நுழையும் பாக்டீரியாவால் வருவது. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது.

குழப்பம் புதிதல்ல. 1975 வாக்கில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்ற ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பல குழந்தைகளுக்கு முட்டி வீங்கியது. குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்றார்கள் மருத்துவர்கள். பாலி மர்ரே என்ற தாய் அதை ஏற்கவில்லை, சுகாதாரத் துறையிடம் விடாமல் முறையிட்டார். அப்புறம்தான் ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் விசாரிக்க வந்தார், அது லைம் என்ற தனி நோய் என்று தெரிந்தது. அந்தத் தாயை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

என் அக்காவுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் மடங்காது, குழாயைத் திருகக்கூட ஒரு மணி நேரம் ஆகும். லைமில் பெரும்பாலும் ஒரு முட்டி மட்டும் நீர் கோத்து பெரிதாக வீங்கும். சிகிச்சையும் வேறு: லைம் மூட்டு வீக்கத்துக்கு முதலில் சுமார் 28 நாள் ஆன்டிபயாடிக், பெரும்பாலோருக்கு அதிலேயே சரியாகிவிடும். சிலருக்குக் கிருமி போன பிறகும் வீக்கம் நீடிக்கும். அவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற முடக்குவாத மருந்தையே தருவதுண்டு. கட்டுரையாளர் குழம்பியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.