மயிர் என்றால் தப்பு, சண்டாளா என்றால் சரியா?

நேற்று காலை டீக்கடையில் பைக்கை நகர்த்தச் சொன்னவரிடம் ஒரு பையன் "போய்யா மயிரு" என்று சொல்லிவிட்டான். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, "என்ன வாய்டா அது, பொம்பளைங்க நிக்கிறாங்க" என்று குதித்தார். சரி, நியாயம்தான். ஆனால் அஞ்சே நிமிஷத்தில் கிளாஸ் எடுக்க வந்த சின்னப்பையன் அவர் வேட்டியில் இரண்டு சொட்டு டீயைச் சிந்தியதும் "அட சண்டாளா" என்றார் அதே பெரியவர். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. மயிர் திருக்குறளிலேயே இருக்கிற சொல், 969-ஆம் குறள் அதில்தான் தொடங்குகிறது. சண்டாளன் என்பதோ தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர். ஒரு சமூகத்தின் பெயரையே திட்டாக்கி வைத்துக்கொண்டு, அதைப் பாட்டிகள் பேரனைக் கொஞ்சக்கூடப் பயன்படுத்துகிறோம். முடியைச் சொன்னால் மட்டும் காதைப் பொத்துகிறோம்.

அப்புறம் அந்த இன்னொரு சொல். தேவரடியார் என்றால் இறைவனின் அடியார். ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப்பாடும் பெண்களை, வரவழைத்து ஆளுக்கொரு வீடும் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறான். அப்படிக் கோயிலில் ஆடிப்பாடிய பெண்களின் பெயர்தான் இன்றைக்கு நம் தெருவிலேயே மோசமான வசவு, அதுவும் சண்டை போடுவது இரண்டு ஆம்பளைகள், திட்டு வாங்குவது வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிற அவர்களுடைய அம்மா.