முன்பணம் சொல்ல வராத கிட்டு

(கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகம். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணிப் பத்திரிகைகள் அச்சுக்குப் போவது இப்போதுதான். முதலாளி கலியபெருமாள் ப்ரூப் பார்க்கிறார். கிட்டு என்ற பொம்மையை, தன் உதடு அசையாமல் பேச வைக்கும் செல்வராசு, பெட்டியோடு உள்ளே வருகிறார்.)

கலியபெருமாள்: வாப்பா. கிட்டு எங்க?

செல்வராசு: பெட்டியில தூங்குறான்ணே. நானும் வீட்டுல அதான் பண்றேன். ஆவணிக்கு ஒரு புரோகிராம்கூட மாட்டல.

கலியபெருமாள்: போன மாசம் ஆறு பேர்ட்ட பேசுனியே?

செல்வராசு: ஆறு பேரும் "பாத்துச் சொல்றோம்"னாங்க. இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்க போல.

கலியபெருமாள்: நீ திரும்பக் கூப்பிட்டியா?

செல்வராசு: நாமளா கூப்பிட்டா, வேலையில்லாம காஞ்சு கெடக்குறான்னு நெனைக்க மாட்டாங்களா?

கலியபெருமாள்: காஞ்சுதானேய்யா கெடக்குற! எங்க, எழுதி வச்சதக் காட்டு.

(செல்வராசு சட்டைப்பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுக்கிறார். பின்பக்கத்தில் "திருவிடைமருதூர், பாப்பா, நல்ல பார்ட்டி" என்று இருக்கிறது.)

கலியபெருமாள்: நல்ல பார்ட்டின்னா?

செல்வராசு: டீ குடுத்தாங்கண்ணே.

கலியபெருமாள்: ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கு. விசேசம் என்ன, என்னைக்கு, எந்த மண்டபம், எத்தனை புள்ளைங்க, முடிவெடுக்குறது யாரு, அடுத்து எப்பக் கூப்பிடணும். இந்தக் கடைசிக் கட்டம்தான் சோறு போடும். போனை வைக்கிறதுக்கு முன்னாடியே, "வியாழக்கிழமை காலைல பதினோரு மணிக்குக் கூப்பிடட்டுமா"ன்னு கேட்டு வாங்கிடணும். அவங்க "ம்"முன்னுட்டா, அப்பறம் நீ கூப்பிடுறது நச்சரிப்பு இல்ல, சொன்ன சொல்லு.

செல்வராசு: அன்னைக்கும் "பாத்துச் சொல்றோம்"னா?

கலியபெருமாள்: ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. அதுக்கும் அதே பதில்னா கோடு போட்டுடு. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்"ன்னா நீ தப்பான ஆள்ட்ட பேசுறேன்னு அர்த்தம். அந்த வீட்டம்மா எப்ப இருப்பாங்கன்னு கேளு. "ரேட்டு கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க"ன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். நீ அங்கதான் கோவிச்சுக்கிட்டு வந்துடுற.

செல்வராசு: வீடியோல்லாம் அனுப்பினேன்ணே. பதினெட்டு நிமிசம், முழு ஆட்டம்.

கலியபெருமாள்: பதினெட்டு நிமிசம் அவன் பொண்டாட்டி பேசுனாலே கேக்க மாட்டான். நாப்பது செகண்டு போதும். அதுலயும் பாதி, சிரிக்கிற புள்ளைங்க மூஞ்சி தெரியணும். பேசுன அன்னைக்கு சாயந்தரமே போய்ச் சேந்துடணும். ரெண்டு நாள் கழிச்சு அனுப்புனா நீ யாருன்னே மறந்துருப்பாங்க.

செல்வராசு: சரி, ஆளுங்கள எங்க பிடிக்கிறது? உங்க கஸ்டமர் நம்பரு நாலு...

கலியபெருமாள்: அதான் கெடையாது. நம்பி பத்திரிகை அடிக்க வந்தவங்க நம்பர அவங்களக் கேக்காம எடுத்துக் குடுக்க மாட்டேன். ஒன் நோட்டீஸ எங்க சாம்பிள் ஆல்பத்துல மொதப் பக்கத்துல ஒட்டுறேன். பத்திரிகை பாக்க வர்றவங்க அரை மணி நேரம் அதத்தான் புரட்டுவாங்க, கூட வந்த புள்ளைதான் மொதல்ல பாக்கும். ஆனா எனக்கும் முன்னாடி தேதி தெரியுறது மண்டப மேனேஜருக்குத்தான். அடுத்து சமையல் மாஸ்டரு. வெத்தல பாக்குக் கடைக்கெல்லாம் கடைசி வாரத்துலதான் தெரியும், அங்க நின்னு பிரயோசனமில்ல. திருக்கடையூருக்குப் போயிருக்கியா?

செல்வராசு: சாமி கும்பிட்டுருக்கேன்.

கலியபெருமாள்: சாமி கும்பிட்டுட்டுத் திரும்பிட்டியாக்கும்! அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்னு எந்தெந்த ஊர்லேருந்தோ வர்றாங்க. தாத்தா பாட்டி மணையில ஒக்காந்தா, பேரப் புள்ளைங்களுக்கு என்ன வேலை? தூணைச் சுத்துதுங்க. அங்க சடங்கு, விருந்து ஏற்பாடு பண்றவங்கள்ட்ட பேசி வை. ஆனா பந்திக்கு முன்னாடி ஆட்டத்த முடிச்சிடு. எலை போட்டாச்சுன்னா கிட்டு மட்டும்தான் ஒன்னயப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருப்பான்.

செல்வராசு: ஒரு பாப்பாவுக்கு மொதப் பொறந்த நாளு ஆவணில வருதுண்ணே. முப்பதாந்தேதின்னு குறிச்சு வச்சிருக்கேன்.

கலியபெருமாள்: இங்கிலீசு தேதியா, நட்சத்திரமா?

செல்வராசு: ரெண்டும் ஒண்ணுதானே?

கலியபெருமாள்: (கண்ணாடியைக் கழற்றி) ஆண்டு நிறைவு நட்சத்திரத்துக்குத்தான்யா பண்ணுவாங்க. அது பத்து நாள் முந்திக்கூட வந்துடும். நீ முப்பதாந்தேதி பொம்மையோட போயி நின்னா, சாமியானா பிரிச்ச குழிதான் இருக்கும். கேட்டு எழுது. கையோட ரெண்டாவது பொறந்த நாளையும் குறிச்சு வச்சு, ரெண்டு மாசம் முன்னாடிக் கூப்பிடு. புள்ள பேரச் சொல்லி விசாரி, பேரு தப்பிடக்கூடாது.

செல்வராசு: இதெல்லாம் பண்ணிடுவேன். முன்பணம் கேக்கத்தான் நாக்கு எழ மாட்டேங்குது.

கலியபெருமாள்: மூணுல ஒரு பங்கு வாங்காம தேதி குறிக்காத. மீதிய மேடை ஏறுறதுக்கு முன்ன வாங்கு. ஆட்டம் முடிஞ்சப்பறம் வீட்டுக்காரரு மொய் எழுதுற எடத்துல இருப்பாரு, கிட்ட நெருங்க முடியாது. ஒனக்கு வாய் வரலன்னா கிட்டுவ விட்டுக் கேளு.

(செல்வராசு பெட்டியைத் திறந்து பொம்மையைக் கையில் மாட்டுகிறார். அவர் உதடு அசையாமல் இருக்கிறது.)

கிட்டு: ஐயா... நுன்தணன்...

கலியபெருமாள்: என்னது?

செல்வராசு: ப, ம ரெண்டுக்கும் உதடு ஒட்டியாகணும்ணே. அசையாம சொல்லணும்னா ப-வுக்குத் த, ம-வுக்கு ந போட்டுத்தான் ஒப்பேத்தணும். வேகமாப் பேசுனா காது ஏமாந்துடும். முன்பணத்துல மூணு எடத்துல மாட்டுது. அதுக்குத்தான் இவனுக்கே கிட்டுன்னு பேரு வச்சேன். பாபுன்னு வச்சிருந்தா அவன் பேரையே அவனால சொல்ல முடியாது.

கலியபெருமாள்: (சிவப்புப் பேனாவை எடுத்து) அப்ப வார்த்தைய மாத்து. "காசு கையில கொடுங்க ஐயா."

கிட்டு: காசு கையில கொடுங்க ஐயா!

செல்வராசு: அட, உதடே ஒட்டலண்ணே!

கலியபெருமாள்: பாத்தியா! இப்பவே அந்தத் திருவிடைமருதூருக்குப் போடு.

(செல்வராசு ஒரு கையில் போன், மறு கையில் கிட்டு. உதட்டை இறுக்கி ஒத்திகை பார்க்கிறார்.)

கலியபெருமாள்: யோவ், போன்ல எவன்யா ஒன் உதட்டப் பாக்கப் போறான்?

(நீண்ட அமைதி. செல்வராசு சுவர்க் காலண்டரைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார்.)

செல்வராசு: அண்ணே, இன்னைக்குச் செவ்வாக்கிழமை. மணி மூணே கால்.

கலியபெருமாள்: (அவரும் பார்த்து) ராகு காலமா... நாலரைக்குத்தான் முடியும். அதுக்கப்பறம் கேட்டாலும் செவ்வா, வெள்ளில காசு வெளிய போகாது. நாளைக்குப் பன்னண்டுலேருந்து ஒன்றரை. அப்ப நாளைக்குப் பதினோரு மணி. எழுது.

செல்வராசு: எதுல?

(கலியபெருமாள் தன் ப்ரூப் தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி நீட்டுகிறார்.)