முதல் வகுப்புக்கு வெறும் வயிறு

செட்டிநாட்டுச் சமையலின் பெருமையைப் பேசாத மேடை எங்கள் ஊரில் இல்லை. ஆனால், காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் காலை முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு வாய்ப் பலகாரமாவது சாப்பிட்டு வந்திருக்கிறார்கள் என்று கேட்பாரில்லை. மாறாக, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பரோட்டாவும் நூடுல்சும் தவிர எதுவும் இறங்காது" என்று பழியை அவர்கள் தலையிலேயே கட்டுகிறார்கள். ஆசிரியர் அறையில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லலிலிருந்தும் திருமயத்திலிருந்தும் வரும் மாணவி, தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு, முதல் பேருந்தைப் பிடிக்க ஓடிவருகிறாள். அவள் எப்போது உட்கார்ந்து சாப்பிடுவாள்? ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் சென்ற பருவத்தில் என் கண்ணெதிரே மயங்கிச் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டதற்கு, "டீ குடிச்சேன் மேடம்" என்றாள். அவள் பையில் பிரிக்காத ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்று இருந்தது, அது மதியத்துக்காம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வகுத்த அளவு. டீயும் பிஸ்கட்டும் அதில் எவ்வளவைத் தந்துவிடும்? சாப்பாட்டோடு குடிக்கும் டீயோ, உணவிலுள்ள இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அறிந்துதான் 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. அதே பிள்ளை கல்லூரி வாசலை மிதித்ததும் பசி தீர்ந்துபோகுமா?

எங்கள் கேண்டீன் திறப்பதே முதல் இடைவேளைக்குத்தான். அங்கே கிடைப்பவை பப்ஸ், சமோசா, கலர் பாட்டில். வரிசையில் நின்று அதை வாங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது. நிர்வாகத்திடம் முறையிட்டால், "குத்தகைக்காரருக்குக் கட்டுப்படியாகாது" என்கிறார்கள். கட்டுப்படியாகாததற்கு யாரும் இங்கே ஆட்டுக்கறி விருந்து கேட்கவில்லையே! வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கேண்டீனைத் திறந்து, அடக்க விலைக்கு இட்லி, சுண்டல், கேப்பைக்கூழ் தர வேண்டும் என்று அடுத்த குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க அவர்களுக்கு என்ன தடை?