பாக்காவ் நடும் ஞாயிறில் மிஸ்ஸியும் வரட்டும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், புக்கிட் ரோத்தானிலிருந்து ஜெராம் கடற்கரைக்கு அதிக தூரமில்லை. சேற்றில் மட்டி பொறுக்க இறங்கும் தோட்டத்துப் பெண்களைத் தேடி இரண்டு தரப்பு வருகிறது. பாக்காவ், அதாவது கரையோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் கன்று நடச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒரு நாள். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச வரும் மிஸ்ஸி (அரசு கிளினிக் தாதி) இன்னொரு நாள். இரண்டு நாளும் வந்து நிற்க அந்தப் பெண்களுக்கு நேரமில்லை. ஒரே நாளில் சேர்த்து நடத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சேர்ப்பதற்கான காரணத்தை மட்டும் தப்பாகச் சொல்லிவிடாதீர்கள். "பிள்ளைகள் கூடினால் கடல் அழியும்" என்று யாராவது பேச ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பாக்காவ் காடு போனது பெரும்பாலும் இறால் குளத்துக்கும், கடலைத் தடுக்கும் பண்டுக்கும், மண் கொட்டி மேடாக்கிய நிலத்துக்கும்தான். லயத்து வீட்டில் பிறந்த குழந்தை அதை வெட்டவில்லை. 1960 வாக்கில் மலேசியாவில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக ஆறு பிள்ளைக்கு மேல். இன்று இரண்டுக்கும் கீழே, இந்தியரிடையே அதையும்விடக் குறைவு. "நம்ம எண்ணிக்கையே குறையுது, இதுல இது வேறயா" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 1975-77 நெருக்கடி நிலையில் இந்தியாவில் நடந்த கட்டாயக் கருத்தடை நம் சமூகத்துக்குத் தெரியாததும் இல்லை. பேச வேண்டியது பிள்ளைகளுக்கு இடையே விடும் இடைவெளி, தாயின் உடம்பு, அவளுடைய விருப்பம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை வேண்டும் என்று காத்திருப்பவளுக்கும் அதே மேசையில் பதில் கிடைக்க வேண்டும்.

இந்த இணைப்பு புதிதல்ல. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் வேஸோ மீனவர்களோடு வேலை செய்த புளூ வென்சர்ஸ் அமைப்பு, 2004-ல் ஆக்டோபஸ் பிடிக்கும் இடங்களைச் சில மாதம் மூடிப் பார்த்தது. 2007-ல் அங்கேயே கருத்தடைச் சேவையும் தொடங்கியது. பிலிப்பைன்ஸில் 2001 முதல் 2008 வரை நடந்த இப்போப்கார்ம் திட்டம் கரையோரக் கிராமத்துக்காரர்களையே பயிற்றுவித்து அவர்கள் கையாலேயே கருத்தடைச் சாதனங்களைக் கொடுத்தது. அங்கெல்லாம் தடை தூரம். இங்கே தடை நேரம். விடியுமுன் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), பிற்பகலில் வேலை முடிந்து வந்தால் சமையல், மோட்டார் சைக்கிள் கணவரிடம். ஐந்து மணிக்குள் கிளினிக் போய்ச் சேர்வது லேசில்லை.

இரண்டு வேலைக்கும் பொதுவாக இருப்பது அமாவாசை. அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் பின்னால்தான் கடல் மிகத் தூரம் வற்றும், நடவுக்கு அதுதான் நேரம். வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், எனவே அலை அட்டவணை பார்க்காமல் "காலை எட்டு மணி" என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். தண்ணீர் திரும்பி ஏறும்போது எல்லாரும் கரைக்கு வருவார்கள். கை கால் கழுவியபின் மிஸ்ஸியைப் பார்க்கட்டும்.

இப்போது டெப்போ என்னும் கருத்தடை ஊசிக் கணக்கைப் பாருங்கள். 150 மில்லிகிராம், 13 வாரத்துக்கு ஒருமுறை. மூன்று அமாவாசை என்றால் ஏறக்குறைய 89 நாள். அமாவாசைக்கு மிகக் கிட்டிய ஞாயிறைப் பிடித்தால் அடுத்த சுற்று 12 அல்லது 13 வாரத்தில் தானாக விழும். கன்று பிழைத்ததா என்று எண்ணிப் பார்க்கவும் மூன்று மாதம்தான் சரியான இடைவெளி. நட்டு, படம் எடுத்து, திரும்பி வராமல் போகிற பழக்கமும் அதோடு ஒழியும். தவறினால் நான்கு வாரம் வரை தாமதமாகவும் ஊசி போடலாம், ஆனால் அந்தச் சலுகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். மிஸ்ஸியை ஞாயிறன்று வெளியே அனுப்ப மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

ஊசியைப் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம் மாதவிலக்கு மாறுவது. முதலில் தாறுமாறாகப் படும், பிறகு பலருக்கு நின்றே போகும். "ரத்தம் உள்ளேயே கட்டிக்கிச்சு" என்று பயப்படுவார்கள். கருப்பையின் உள்பூச்சு தடிக்கவில்லை, வெளியேற ஒன்றுமில்லை என்பதை ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். கடைசி ஊசிக்குப்பின் கரு தரிக்க சராசரியாகப் பத்து மாதம் ஆகலாம், எனவே சீக்கிரம் அடுத்த பிள்ளை வேண்டும் என்பவளுக்கு இது பொருந்தாது. கையில் வைக்கும் கருத்தடைக் குச்சி நான்கு சென்டிமீட்டர், மூன்று வருடத்துக்கு. தோலுக்குக் கீழே விரலால் தொட்டால் தெரியும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு இந்தக் குச்சியும் கருத்தடை மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. ரத்த அழுத்தக் கருவி இல்லாமல் மாத்திரை பற்றிப் பேசவே வேண்டாம்.

நடவிலும் அதே கவனம் வேண்டும். பாக்காவில் நடுவது இரண்டு வகை. பாக்காவ் மிஞாக் காயின் கழுத்தில் செந்நிற வளையம், பாக்காவ் குராப்பில் மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் பழுத்தது. பச்சையாகப் பிய்த்தது வேர்விடாது. மரத்தில் தொங்கும்போது கீழே இருந்த முனைதான் சேற்றுக்குள் போக வேண்டும். தலைகீழாக நடும் கூட்டம் உண்டு! ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழம் போதும். பேராக்கின் மாத்தாங் பாக்காவ் காட்டில் மிஞாக்குக்கு 1.2 மீட்டர், குராப்புக்கு 1.8 மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். பெரும்பாலும் தோற்பது கடலை ஒட்டிய தாழ்ந்த சேற்றில் நட்டதால்: அதிக நேரம் மூழ்கிக் கிடக்கும், கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர் ஒட்டும், அலை சாய்க்கும். இயற்கையாக அப்பி-அப்பி (கடலோரத்தில் முதலில் முளைக்கும் வேறொரு அலையாத்தி வகை) நாற்றுகூட முளைக்காத இடத்தில் பாக்காவ் நட்டுக் காசை வீணாக்காதீர்கள்.

இன்னொன்று, தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கும் பெண்கள். தோட்டத்து வடிகால் மடை திறக்கும்போது அந்த மருந்து மட்டி வளரும் சேற்றுக்குத்தான் போகிறது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை, மற்ற களைக்கொல்லிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கர்ப்பிணியும் பால் கொடுப்பவளும் மருந்து அடிக்கக் கூடாது, அதற்கு ஈடான வேறு வேலை தர வேண்டும் என்பது செம்பனை எண்ணெய்க்குச் சான்றிதழ் தரும் ஆர்எஸ்பிஓ அமைப்பின் விதி. சம்பளம் போய்விடும் என்று பயந்து கர்ப்பத்தை மறைக்கிறவளுக்கு இதை எடுத்துச் சொல்ல மிஸ்ஸியின் மேசையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மேசை நடவுப் பந்தலுக்குள் இருக்கக் கூடாது. கதவு சாத்தும் அறை வேண்டும், மண்டோரும் (வேலை மேற்பார்வையாளர்) மாமியாரும் கேட்காத தூரத்தில். நடவுக்கு வருகைப் பதிவு எடுங்கள், சட்டை கொடுங்கள், சாப்பாடு போடுங்கள். கருத்தடைக்கு எந்தப் பரிசும் வேண்டாம், ஆள் கணக்கும் இலக்கும் வேண்டாம். இரண்டு பதிவேடும் ஒரே கையில் இருக்கக் கூடாது. கையில் கொடுக்கும் அட்டையில் அடுத்த வரவின் தேதியும் கடல் வற்றும் நேரமும் மட்டும் இருக்கட்டும். நடவுக்கு வந்த எல்லாருக்கும் அதே அட்டை. யாருக்கு என்ன மருந்து என்பது மிஸ்ஸியின் புத்தகத்தில் இருந்தால் போதும்.