காத்திருக்கச் சொல்ல நாம் யார்?

ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் நடந்ததை நம் சபையார் எல்லோரும் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவும் வந்துவிட்டது. பிள்ளைக்காக இத்தனை வருஷம் ஜெபிக்கிற அக்கா, மைக்கைப் பிடித்து "இன்னும் எதுவரைக்கும் ஆண்டவரே" என்று அழுதார். உடனே மூப்பர் எழுந்து, "முறுமுறுக்காதீங்க சிஸ்டர், கர்த்தருக்குக் காத்திருங்க" என்றார். அதற்கு நாலு பக்கமிருந்தும் ஆமென் வேறு.

எனக்கு மனசு ஆறவே இல்லை.

கர்த்தருக்குக் காத்திருப்பது காத்திருக்கிறவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கிற காரியம். அதைப் பக்கத்தில் நிற்பவர் எடுத்து, அழுகிறவர் வாயை அடைக்கக் கூடாது. "கர்த்தருக்குக் காத்திரு" என்று 27-ஆம் சங்கீதம் முடிகிறது. அதைச் சொல்கிற தாவீதைச் சுற்றிச் சத்துருக்கள் நிற்கிறார்கள். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்கிற நிலைமை. தன் இருதயத்துக்கே அவர் சொல்லிக்கொண்டதாகத்தான் நான் அதை வாசிக்கிறேன். அந்த வசனம் காத்திருக்கிறவன் வாயிலிருந்து வந்தது. மூன்று பிள்ளைகளோடு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து வரவில்லை.

"முறுமுறுப்பு பாவம் என்று வேதத்திலேயே இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பேசினார்கள், எகிப்துக்கே திரும்பிப் போகலாம் என்றார்கள். அக்கா எங்கே திரும்பிப் போனார்? ஆண்டவர் சந்நிதிக்குத்தானே வந்து அழுதார்? 13-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவரையும் மைக்கை வைத்துவிட்டு உட்காரச் சொல்வோமா?

அன்னாள் கதையைப் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பிள்ளையில்லாத அவள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தவர் ஆசாரியனாகிய ஏலி. ஆனால் "என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று அவள் சொன்னதும், அங்கேயே பேச்சை மாற்றி, சமாதானத்துடனே போ என்றார். ஏலிக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அக்காவுக்கு இன்று வரை நம் சபையிலிருந்து ஒரு போன் போகவில்லை.

காத்திருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வேலை. ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். இப்போது 61 நாள், அப்போது 45 நாள். ஒரு வருஷம் தடை முடிந்த பிறகும் அப்பாவுக்குக் காலில் அடி, கடலுக்குப் போக முடியவில்லை. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. விடியற்காலையில் முழங்காலில் நின்று அம்மா சண்டை போட்டதெல்லாம் ஆண்டவரோடுதான். வீட்டுக்கு வந்து வசனம் சொல்லிவிட்டுப் போனவர்கள் பல பேர். எதிர்வீட்டு ஆயா மட்டும் அரிசியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அது கிறிஸ்தவரும் இல்லை. மீன் கூடை தூக்கிப் பிழைப்பது, தடைக்காலத்தில் அதற்கும்தான் வருமானம் கிடையாது. அம்மாவோடு சேர்ந்து காத்திருந்தது அந்த ஆயாதான். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

"மூப்பர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்று இன்பாக்ஸில் வருவீர்கள். இருக்கலாம். நல்ல எண்ணத்தில் வீடியோ எடுத்தது யார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "காத்திருந்தா கண்டிப்பா கிடைக்கும், அன்னாளுக்குச் சாமுவேல் கிடைக்கலையா" என்று ஆறுதல் சொல்கிறவர்களும் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் போகவில்லை, கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. எபிரெயர் 11-இல் விசுவாச வீரர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் அவர்கள் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்றே எழுதியிருக்கிறது. அவர்கள் யாரும் விசுவாசத்தில் குறைந்தவர்கள் இல்லை. நம் சாட்சி நேரத்தில் மட்டும் ஏன் கிடைத்தவர்களுக்கே மைக்? வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, வீடு கட்டினோம். ஸ்தோத்திரம், சந்தோஷம். கிடைக்காமலும் ஞாயிறு தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்கிறவர்கள் சாட்சி இல்லையா? அக்கா அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார், இத்தனை வருஷமாக? நம்மில் யாருக்கு அந்த விசுவாசம் இருக்கிறது?

சபையைப் பற்றி வெளியே எழுதலாமா என்று கேட்காதீர்கள். அக்காவின் அழுகை வெளியே போனபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வீடியோவை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடமும் சொல்லுங்கள். மூப்பர் ஐயா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அக்கா வீடு தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறது. போய் மன்னிப்புக் கேளுங்கள், வசனம் எதுவும் வேண்டாம்.